இடுப்பு வலிக்கு கைரோபிராக்டரிடம் போகலாமா? கடலூர், புதுச்சேரி நண்பர்கள் சொல்லுங்கள்

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 9.50

அனைவருக்கும் வணக்கம். வீடு திருப்பாதிரிப்புலியூர். வேலை புதுச்சேரி மரப்பாலம் பக்கம், ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 43. தினமும் பைக்கில்தான் போய் வருகிறேன்.

ஏழு வாரத்துக்கு முன்னால் கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கினேன். நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. மூன்றாவது படியில் இடுப்பில் சுரீர் என்றது. அன்றைக்கு அதோடு சரி. மறுநாள் காலையில் பல் துலக்கக் குனிந்தவன் நிமிர முடியாமல் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மகள் வந்து கையைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிப்போனாள்.

இப்போது இடுப்பு வலி பாதி குறைந்துவிட்டது. ஆனால் வலது பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாக ஆடுசதை வரை கம்பி வைத்து இழுக்கிற மாதிரி இருக்கிறது. நடந்தால் பரவாயில்லை, உட்கார்ந்தால்தான் தாங்கவில்லை. முள்ளோடை தாண்டினால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் காலைத் தரையில் ஊன்றித்தான் வண்டியை ஏற்றி இறக்குகிறேன்.

எம்ஆர்ஐ எடுத்தேன். எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், அதாவது அடிமுதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை பிதுங்கி, வலப்பக்க நரம்பு வேரைத் தொடுகிறது என்று எழுதியிருக்கிறது. எலும்பு டாக்டர் மாத்திரையும் பெல்ட்டும் கொடுத்து, ஆபரேஷன் பேச்சே இப்போது வேண்டாம், பொறுத்துப் பார்க்கலாம் என்றார்.

கூட வேலை செய்பவர் ஒருவர் கைரோபிராக்டரிடம், அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்தி, திருப்பி வைத்தியம் செய்கிறவரிடம் போய் வந்தவர். "இரண்டு டப்பு, அவ்வளவுதான், எழுந்து நடந்தேன்" என்கிறார். போன் செய்து கேட்டேன். பத்து சிட்டிங், மொத்தமாக முன்பணம் 9,000 ரூபாய் என்றார்கள். அம்மா, சுளுக்கு எடுக்கிற பெரியவரிடம் போகச் சொல்கிறார். மனைவிக்கு இரண்டிலும் பயம். "முதுகுத்தண்டில் கை வைத்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது" என்று கேட்கிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை. போனவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாகூர் ஏரி | ஞாயிறு, இரவு 10.15

நான் போயிருக்கிறேன் அண்ணே. இரண்டு வருடத்துக்கு முன்னால் இடுப்புப் பிடிப்பு. கால் வலி எதுவும் இல்லை, இடுப்பு மட்டும்தான். சென்னையில் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒருவரிடம் போனேன். முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டு, குனியச் சொல்லி, நிமிரச் சொல்லிப் பார்த்த பிறகுதான் கை வைத்தார். மூன்று தடவை போனேன். நன்றாகக் குறைந்தது. பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. ஆனால் உங்களுக்குக் கால் வரை இழுக்கிறது என்கிறீர்கள், அது வேறு கதை என்று நினைக்கிறேன்.

---

முத்தியால்பேட்டை பிசியோ | திங்கள், காலை 6.20

வணக்கம் சார். நான் பிசியோதெரபிஸ்ட், பதினாறு வருடமாகப் புதுச்சேரியில்தான் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சில கேள்விகள். சிறுநீர் அடைக்கிறதா, கட்டுப்பாடில்லாமல் கசிகிறதா? மலம் கட்டுப்பாடில்லாமல் போகிறதா? சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படுகிற இடம், அதாவது ஆசனவாயும் தொடை இடுக்கும் மரத்துப்போயிருக்கிறதா? இரண்டு காலிலும் வலியோ பலக்குறைவோ இருக்கிறதா? இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முதுகெலும்பின் அடியில் குதிரைவால் போலப் பிரிகிற நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி அது. நாள் கணக்கில் தள்ளிப்போட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்ப வராமலே போகலாம்.

அடுத்து, காய்ச்சல் உண்டா? காரணமில்லாமல் எடை குறைந்ததா? முன்பு புற்றுநோய் வந்ததுண்டா? நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தீர்களா? எப்படிப் படுத்தாலும் இரவில் வலி விடாமல் இருக்கிறதா?

பிறகு வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். சுவர் ஓரமாக நின்றுகொண்டு குதிகாலில் பத்து அடி நடங்கள். அப்புறம் நுனிக்காலில் பத்து அடி. வலது கால் கட்டைவிரலை மேலே தூக்குங்கள், மகளை விட்டு அதைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். இடதுகாலிலும் அதேபோலப் பாருங்கள். அடிமுதுகிலிருந்து காலுக்கு இறங்குகிற நரம்புகளில் எல்5 என்ற நரம்பு சோர்ந்திருந்தால் அந்தக் கட்டைவிரல் தோற்றுவிடும். நுனிக்காலில் ஏற முடியாவிட்டால் அதற்கு அடுத்த எஸ்1 நரம்பைச் சந்தேகப்பட வேண்டும். வலி இருப்பது ஒன்று, பலம் குறைவது வேறு. பலம் குறைந்திருந்தால், அதுவும் நாளுக்கு நாள் கூடினால், யாரும் உங்கள் முதுகை முறுக்கக் கூடாது. நேரே முதுகெலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி கைரோபிராக்டிக். 1895-ல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊரில் டி. டி. பால்மர் என்பவர் தொடங்கியது. காது கேளாத ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்ததும் அவருக்குக் காது கேட்டது என்பது அவர்கள் சொல்லும் தொடக்கக் கதை. எலும்பு விலகல்தான் நோய்களுக்கெல்லாம் மூலம் என்பது பால்மரின் கொள்கை. அதற்கு ஆதாரம் கிடையாது. சர்க்கரை, ஆஸ்துமா, குழந்தைக்கு வயிற்றுவலி எல்லாம் இதில் தீரும் என்று யாராவது சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள்.

இடுப்பு வலி விஷயத்தில் நிலைமை அப்படியில்லை. 2017-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதலில் முதுகெலும்பைக் கையால் அசைத்துக் கொடுக்கும் சிகிச்சையும் மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கலாம் என்ற பட்டியலில் இருக்கிறது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமும் நாள்பட்ட இடுப்பு வலிக்கு அதை ஒரு வழியாக ஏற்றிருக்கிறது. 2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 47 ஆய்வுகளை, 9,211 பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சி மாதிரியான மற்ற நல்ல சிகிச்சைகளுக்கு ஏறக்குறைய இணையான பலன் என்றுதான் வந்தது. இணைதான், மேலே இல்லை. அதுவும் இடுப்பு வலிக்கான கணக்கு. நரம்பு அழுந்திக் கால் வரை இறங்குகிற வலிக்கு அவ்வளவு உறுதியாக யாரும் சொல்ல முடியாது.

அந்த 'டப்' ஓசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விலகின எலும்பு இடத்தில் உட்காருகிற ஓசை என்று நினைக்கிறார்கள். மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக் குமிழ் உண்டாகிற ஓசை அது. விரலில் சொடக்கு எடுக்கிறோமே, அதேதான். டப்பென்று கேட்டாலும் டிஸ்க் அது இருந்த இடத்தில்தான் இருக்கும்.

பதில் எழுதுங்கள் சார். கட்டைவிரல் விஷயத்தை இன்றைக்கே பாருங்கள்.

---

நெல்லிக்குப்பத்தான் | திங்கள், காலை 8.05

பிசியோ ஐயா கேட்ட காய்ச்சல் கேள்வியை யாரும் தாண்டிப்போகாதீர்கள். எங்கள் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கரும்பு வெட்டு முடிந்த நேரம் முதுகு வலி என்றார். வயது 58. குனிந்து வேலை செய்த வலி என்று நாங்களே முடிவு செய்தோம். எண்ணெய் போட்டுத் தேய்க்கிற ஒருவரிடம் வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு மாதம் கூட்டிப்போனேன். நான்தான் வண்டியில் ஏற்றிப்போனேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். சாயந்திரமானால் போர்வை கேட்பார். உடம்பு லேசாகச் சுடும். வெயிலில் அலைந்தது என்று விட்டுவிட்டோம். ஒருநாள் கோயிலுக்குக் கிளம்பும்போது வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார். அரைஞாண் கயிறு இடுப்பெலும்புக்குக் கீழே சரிந்து தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஜிப்மருக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர் அப்பாவின் முதுகுத்தண்டில் கைமுட்டியால் மேலிருந்து கீழே மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஒரே ஒரு இடத்தில் அப்பா துள்ளிவிட்டார். ஸ்கேன், ஊசி போட்டு எடுத்த சோதனை எல்லாம் முடிந்து, முதுகெலும்பில் டிபி என்றார்கள். டிபி நுரையீரலில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை. அரசாங்கம் இலவசமாகவே கொடுத்தது. இப்போது அப்பா நடக்கிறார், ஆனால் முதுகு ஒரு இடத்தில் கூன் விழுந்துவிட்டது.

அரித்துப்போன எலும்பை நாங்கள் இரண்டு மாதம் ஆள் வைத்து அழுத்தியிருக்கிறோம். தேய்த்தவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியாது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

---

கெடிலக்கரை | திங்கள், இரவு 8.40

எல்லோருக்கும் நன்றி. நெல்லிக்குப்பம் நண்பரே, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்பா நலமாக இருக்கட்டும்.

பிசியோ சார், சிறுநீர், மலம் பிரச்சினை இல்லை. மரத்துப்போகவில்லை. காய்ச்சல் இல்லை. எடை 71 கிலோ, போன வருடமும் அதேதான். மொட்டைமாடியில் குதிகாலில் நடந்தேன், வலித்தது, ஆனால் நடக்க முடிந்தது. நுனிக்காலிலும் முடிந்தது. மகள் கட்டைவிரலை அழுத்தினாள். இடதுகால் விரல் உறுதியாக நின்றது, இறங்கவே இல்லை. வலதுகால் விரல் கொஞ்சம் நின்று பிறகு இறங்கிவிட்டது. மூன்று முறை பார்த்தோம், மூன்று முறையும் அப்படித்தான். இது மோசமா?

---

முத்தியால்பேட்டை பிசியோ | திங்கள், இரவு 9.10

பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம் சார். எல்5 நரம்பு லேசாகச் சோர்ந்திருக்கிறது என்று அர்த்தமாகலாம். கையால் தொட்டுப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். இந்த வாரத்துக்குள் எலும்பு மருத்துவரையே மறுபடி பாருங்கள். 'கட்டைவிரல் பலம் குறைந்திருக்கிறது' என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் மாத்திரையை மாற்றி எழுதி அனுப்பிவிடுவார்கள். அதுவரை யாரிடமும் முறுக்கிக்கொள்ளாதீர்கள். பாதம் தொங்க ஆரம்பித்தால், செருப்பு கழன்று கழன்று போனால், அன்றைக்கே போங்கள்.

---

வில்லியனூர் வாசகர் | செவ்வாய், காலை 7.30

எல்லோரும் ஆங்கில வைத்தியத்தையே பேசுகிறீர்கள். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒரு பிரிவே இருக்கிறது. தட்டுதல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை. வர்மம் தெரிந்த ஆசான்கள் இருந்த மண் இது. எங்கள் பாட்டி, பிறக்கும்போது கால் முதலில் வந்தவரைக் கூப்பிட்டு முதுகில் மூன்று முறை காலால் தடவச் சொல்வார், பிடிப்பு விட்டுவிடும். அமெரிக்காக்காரர் 1895-ல் கண்டுபிடித்ததை நம் ஆட்கள் எத்தனையோ காலமாகச் செய்கிறார்கள். அம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள்.

---

முத்தியால்பேட்டை பிசியோ | செவ்வாய், காலை 8.00

ஐயா, தொக்கணத்தை நான் குறைவாக நினைப்பவன் இல்லை. தசைப்பிடிப்புக்குச் சூடான எண்ணெயும் பக்குவமான கையும் சுகம் தரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. ஐந்தரை ஆண்டு படித்த மருத்துவர் இருப்பார். நாடி பார்ப்பார், ரிப்போர்ட்டையும் கேட்பார். நான் தயங்குவது அங்கே இல்லை. இவருக்கு விரலில் பலம் குறைந்திருக்கும்போது, அதைச் சோதித்துப் பார்க்கத் தெரியாத யாரும், எந்த மருத்துவத்துக்காரரானாலும் சரி, இடுப்பைத் திருகக் கூடாது. என் தொழில்காரர்களுக்கும் இது பொருந்தும்.

சொல்லப்போனால் எங்கள் பக்கமும் குறை இருக்கிறது. பல இடங்களில் பத்து நிமிடம் 'கரண்ட்' வைப்பார்கள், பத்து நிமிடம் இடுப்பில் வார் கட்டி இழுவை போடுவார்கள், அனுப்பிவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அந்த 2023 வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்பு வலிக்கு இழுவையும் வேண்டாம், அந்தக் கரண்ட் கருவியும் அல்ட்ராசவுண்டும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம் என்கிறது. பயிற்சி சொல்லித்தராத பிசியோவிடம் போவதும் வீண்தான்.

---

லாஸ்பேட்டை செவிலி | செவ்வாய், மதியம் 2.45

இடுப்பைப் பற்றிய இழை என்றாலும் கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை, தம்பி. பக்கவாத வார்டில் வேலை பார்த்தவள் நான்.

கைரோபிராக்டரிடம் இடுப்புக்கென்று போனாலும் பல பேர் கழுத்தையும் சேர்த்தே திருப்பிவிடுகிறார்கள். கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக மூளையின் பின்பகுதிக்கு இரண்டு ரத்தக் குழாய்கள் ஏறுகின்றன. சடாரென்று திருகும்போது அபூர்வமாக அதன் உட்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். மிக அபூர்வம்தான், ஆனால் வந்தவரைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். முப்பத்தைந்து வயதுகூட ஆகாத ஒருவர், தண்ணீர் விழுங்க முடியாமல் ஒரு ஸ்பூனை வாயருகே பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று திருப்புவார்களே, அதற்குப் பிறகுதான் கழுத்து வலி தொடங்கியது என்றார் அவருடைய அண்ணன்.

யாரிடம் போனாலும் 'கழுத்தில் கை வைக்க வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழுத்தைத் திருகிய பிறகு புதிதாகக் கழுத்து வலி, தலைசுற்றல், பொருள் இரண்டாகத் தெரிதல், வாய் குழறல், நடை தள்ளாடல் எது வந்தாலும் 108-க்குக் கூப்பிடுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று இருந்துவிடாதீர்கள்.

---

ஒதியஞ்சாலை | செவ்வாய், மாலை 6.30

என் அண்ணன் குடும்பம் பிரான்சில் இருக்கிறது. அங்கே இடுப்பு வலி என்றால் குடும்ப டாக்டர் 'கினே'விடம் சீட்டு எழுதிக்கொடுப்பார். கினே என்றால் நம் பிசியோதான். அந்தச் செலவை சமூகப் பாதுகாப்பு நிதி ஈடுசெய்கிறது. கைரோபிராக்டருக்கு 2002 சட்டத்தில் அங்கீகாரம் கிடைத்தது, படிப்பு, தகுதி எல்லாம் வரையறுத்திருக்கிறார்கள், ஆனால் அந்தச் செலவு நம் கையிலிருந்துதான். பிரிட்டனில் 1994-லேயே தனிச் சட்டம் போட்டு, பதிவு செய்யாதவர் அந்தப் பெயரையே வைத்துக்கொள்ள முடியாதபடி செய்துவிட்டார்கள்.

இந்தியாவில் அப்படித் தனிச் சட்டமோ கவுன்சிலோ இல்லை. பிசியோதெரபி 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் இருக்கிறது. கைரோபிராக்டர் என்று போர்டு மாட்டுவதற்கு யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாலு வருடம் வெளிநாட்டில் படித்தவரும் இருக்கிறார், சில வாரப் பயிற்சி முடித்தவரும் இருக்கிறார். போர்டு ஒரே மாதிரிதான் இருக்கும். பாகூர் தம்பி போனவர் முதல் வகை என்று தெரிகிறது. 9,000 முன்பணம் கேட்டவர் எந்த வகை என்று கேட்டுப் பார்த்தீர்களா?

---

பாகூர் ஏரி | செவ்வாய், இரவு 9.00

நல்ல கேள்வி. நான் போனவர் முன்பணம் எதுவும் கேட்கவில்லை. "மூன்று தடவைக்குள் மாற்றம் தெரியாவிட்டால் என்னிடம் வராதீர்கள்" என்று அவரே சொன்னார். முதல் நாள் பார்க்காமலே பத்து தடவை தேவைப்படும் என்று எப்படித் தெரியும் அண்ணே?

---

கெடிலக்கரை | புதன், இரவு 9.20

இன்றைக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அந்த இடத்துக்கு மறுபடி போன் செய்தேன். பட்டம் எங்கே வாங்கியது என்று கேட்டேன். "சர்டிஃபிகேட் இருக்கிறது சார், நேரில் வந்து பாருங்கள்" என்றார்கள். விரலில் பலம் குறைந்திருக்கிறது, எம்ஆர்ஐ அனுப்பட்டுமா என்றேன். "எம்ஆர்ஐ எல்லாம் வேண்டாம், விலகியிருக்கும், உட்கார வைத்துவிடலாம்" என்றார்கள். கழுத்தைத் தொடாமல் செய்வீர்களா என்றதற்கு, முழு முதுகும் சேர்த்துத்தான் பேக்கேஜ் என்றார்கள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

நாளை விடுப்பு. டாக்டரைப் பார்க்கப் போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். பல்ஜ் என்று போட்டுவிட்டார்களே, அது உள்ளே போகுமா, இல்லை காலம் முழுக்க அப்படியே இருக்குமா? இரவில் இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

---

முத்தியால்பேட்டை பிசியோ | புதன், இரவு 10.05

தூங்குங்கள் சார். 2015-ல் ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு வந்தது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை மட்டும் சேர்த்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ், எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கு. இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. முடி நரைப்பது மாதிரி அது வயதோடு வருவது. உங்களுக்கு அந்தப் பல்ஜ் நரம்பைச் சீண்டியிருக்கிறது, அது உண்மை. ஆனால் வெளியே பிதுங்கின டிஸ்க்கை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்வதும் வழக்கமாக நடக்கிறது. கால் வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கத்தி படாமலே சில வாரங்களில், சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள்.

நாளை டாக்டர் சரி என்றால் ஒன்று செய்து பாருங்கள். குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, மார்பை மட்டும் தூக்கி இரண்டு நிமிடம் இருங்கள். பிள்ளைகள் தரையில் படுத்துப் புத்தகம் படிப்பார்களே, அந்த மாதிரி. ஆடுசதையில் இருக்கிற வலி தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் ஏறினால் நல்ல சகுனம், இடுப்பு கூடுதலாக வலித்தாலும் கவலையில்லை. வலி இன்னும் கீழே பாதத்துக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

---

கெடிலக்கரை | ஐந்து வாரம் கழித்து, சனி, இரவு 8.15

இழையை மேலே தூக்குவதற்கு மன்னியுங்கள். என்ன ஆனது என்று கேட்டுத் தனிமடல்கள் வந்தன, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மறுநாள் டாக்டரிடம் கட்டைவிரல் என்று சொன்னதும் அவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். முதல் முறை போனபோது நாற்காலியை விட்டு எழவில்லை. சுத்தி வைத்துத் தட்டி, காலை நீட்டித் தூக்கி, ஊசியால் தொட்டுத் தொட்டு எல்லாம் பார்த்தார். லேசான பலக்குறைவுதான், பத்து நாளில் திரும்ப வாருங்கள், கூடினால் யோசிக்கலாம், குறைந்தால் பிசியோ மட்டும் போதும் என்றார். பத்து நாளில் கூடவில்லை. மூன்றாவது வாரம் விரல் பரவாயில்லை என்றார். இப்போது மகள் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இறங்குகிறது.

குப்புறப் படுக்கிற பயிற்சி முதல் நான்கு நாள் ஒன்றும் செய்யவில்லை. ஐந்தாம் நாள் இரவு, இரண்டாவது தடவை ஊன்றும்போது, ஆடுசதையில் இருந்த அந்தக் கம்பி அறுந்த மாதிரி விட்டுப்போனது. இடுப்பு மட்டும் வலித்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும். அப்புறம் பகலில் கம்பி திரும்ப வந்தது, ஆனால் நாளுக்கு நாள் மேலேயே நின்றுவிட்டது.

பிசியோ கட்டணம் தடவைக்கு 350 ரூபாய், வாரம் ஒருமுறை. ஐந்து தடவை போனேன். ஒருமுறை அவரே இடுப்பு மூட்டை லேசாக அசைத்துக் கொடுத்தார். டப்பென்று எதுவும் கேட்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டேன்.

நடை. முதலில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மணலில் நடந்தேன், கால் புதைந்து புதைந்து வலி கூடியது. இப்போது கடை முடிந்ததும் புதுச்சேரி கடற்கரைச் சாலை. மாலையில் வண்டி விடமாட்டார்கள், தரை சமமாக இருக்கிறது. காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை, அங்கிருந்து திரும்ப. முதல் வாரம் பத்து நிமிடம், இப்போது அரை மணி நேரம்.

பாகூர் தம்பி, நீங்கள் போன மாதிரி ஒருவர் இங்கே கிடைத்தால், பலம் முழுதாகத் திரும்பிய பிறகு இடுப்புப் பிடிப்புக்கு மட்டும் போகலாம் என்று எண்ணம் இருக்கிறது. இப்போதைக்குத் தேவை தெரியவில்லை. அம்மாவுக்காக வெதுவெதுப்பான எண்ணெய் மட்டும் வாரம் ஒருநாள், அம்மா கையாலேயே.

பிசியோ சார், ஒரு கேள்வி. பைக்கை எப்போது எடுக்கலாம்? ஐந்து வாரமாகப் பஸ்தான்.

---

முத்தியால்பேட்டை பிசியோ | சனி, இரவு 8.50

ரொம்ப சந்தோஷம் சார். அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் இழுக்காமல் இருக்க வேண்டும், அப்போது எடுங்கள். முதலில் ஞாயிறு காலை கூட்டமில்லாத நேரத்தில் ரெட்டிச்சாவடி வரை போய்த் திரும்புங்கள். இருமினால், தும்மினால் காலில் பாயாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நடையை விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2024-ல் லான்செட்டில் வெளியிட்டார்கள். நடைப் பயிற்சி எடுத்தவர்களுக்கு வலி திரும்ப வர நடுமதிப்பாக 208 நாள், எடுக்காதவர்களுக்கு 112 நாள். சிலிண்டரை டெலிவரி தம்பியிடமே மாடிக்கு ஏற்றச் சொல்லுங்கள்.

---

கெடிலக்கரை | சனி, இரவு 9.05

உட்கார்ந்து எழுந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது சார், அதனால் இன்னும் இரண்டு வாரம் பஸ்தான். இன்றைக்கும் நின்றுகொண்டேதான் வந்தேன். கிருமாம்பாக்கத்தில் ஒரு அம்மா இறங்கி ஜன்னலோர இடம் காலியானது. பக்கத்தில் நின்ற காலேஜ் பையனை உட்காரச் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலூர் வரை நின்றே வந்தேன். வலி இல்லை.